தலைமைக்கு என் சுபாவம் ஒத்துவராதா?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது இரண்டில் ஒன்றைத் தேர்ந்து சொல்லச் சொல்லும் கேள்வி. அலுவலகத்தில் ஓர் ஆளுமைத் தேர்வு எழுதினீர்கள். இணக்கம் மிக அதிகம், தன்னை முன்னிறுத்தும் பண்பு குறைவு என்று அறிக்கை வந்தது. அதை மேசைமேல் வைத்துக்கொண்டு, தலைமைப் பொறுப்புக்கு உங்கள் சுபாவம் ஒத்துவராது என்று மேலாளர் சொல்லிவிட்டார். உங்களோடு ஒரே ஆண்டில் சேர்ந்த ஆண்கள் இருவர் மேலே போய்விட்டார்கள். காரணம் என் குணமா, நான் பெண் என்பதா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், சுபாவத்தை மாற்றிக்கொள்ள ஏதாவது பயிற்சி வகுப்பில் சேரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்களை உண்மையில் அரித்துக்கொண்டிருப்பது அந்த வரிதான் என்று படுகிறது. மாற வேண்டியது நானா என்பதே உங்கள் கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன். குணமா பாலினமா என்பது போகிற வழியில் வரும்.

தொழில்சார் உளவியல் படித்துவிட்டு, ஆள் தேர்விலும் பதவி உயர்வுக் குழுக்களிலும் ஆலோசனை சொல்லியே என் காலம் போயிருக்கிறது. அந்த அனுபவத்தை வைத்து முதலிலேயே ஓர் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மேலாளர் மனதில் என்ன இருந்தது என்பதை நீங்கள் எழுதிய சில வரிகளிலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்க்கும்போது என்ன நடக்கிறது என்பதை ஆய்வுகள் ஓரளவு தெளிவாகச் சொல்கின்றன. ஒரு தனி ஆளுக்கு ஏன் பதவி உயர்வு கிடைக்கவில்லை என்பதை அவை சொல்வதில்லை. அப்படிச் சொல்ல முடியும் என்று யாராவது வந்தால், அது உங்கள் மேலாளராக இருந்தாலும் சரி, உங்களுக்காகக் கொதிக்கும் தோழியாக இருந்தாலும் சரி, கொஞ்சம் நிதானித்துக் கேளுங்கள்.

முதலில் அந்த அறிக்கை. ஆளுமைத் தேர்வுகள் எல்லாம் ஒரே தரம் கிடையாது. மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரித்து நான்கு எழுத்துகளில் முத்திரை குத்தும் மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வு உலகெங்கும் பிரபலம். அதை உருவாக்கிய காதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உளவியலில் முறையான பயிற்சி பெற்றவர்கள் இல்லை. அதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை. சில வாரங்கள் கழித்து மறுபடி எழுதினால் கணிசமானவர்களுக்கு வேறு முத்திரை வந்து நிற்கிறதே, அதுதான் குறை. ஆள் தேர்வுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அதை வெளியிடுகிறவர்களே சொல்கிறார்கள். உங்கள் அறிக்கையில் 'இணக்கம்' என்ற பண்பு வருவதைப் பார்த்தால், நீங்கள் எழுதியது ஐந்து பெரும் பண்புகளை அளக்கும் தேர்வாக இருக்க வாய்ப்பு அதிகம். புறமுக நாட்டம் (கலகலப்பாகப் பழகுவதும் தன்னை முன்னிறுத்துவதும் இதில் அடங்கும்), இணக்கம், பொறுப்புணர்வு, மனக்கலக்கம், புதியதை ஏற்கும் மனம் ஆகியவை அந்த ஐந்து. 1936-இல் ஆல்போர்ட், ஓட்பர்ட் என்ற இருவர் ஆங்கில அகராதியைப் புரட்டி, மனிதர்களை விவரிக்கும் சொற்களாக ஏறக்குறைய 18,000-ஐத் திரட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் அந்தக் குவியலைப் பல முறை சலித்துப் பார்த்தபோது திரும்பத் திரும்ப மேலே வந்து நின்றவை இந்த ஐந்தும். துறைக்குள் இருப்பவர்கள் இன்று பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகிறோம்.

அது எவ்வளவு சொல்லும்? 1991-இல் பாரிக், மவுண்ட் என்ற ஆய்வாளர்கள் அதுவரை நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்தார்கள். எந்த வேலையாக இருந்தாலும் வேலைத்திறனோடு விடாமல் தொடர்பு காட்டிய பண்பு பொறுப்புணர்வு ஒன்றுதான். அதன் ஒட்டுறவுக் கெழுவும் ஏறத்தாழ 0.2. தொடர்பே இல்லாவிட்டால் 0, முழுத் தொடர்பு இருந்தால் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.2 என்றால், ஆளுக்கு ஆள் வேலைத்திறன் வேறுபடுவதில் சுமார் 4 விழுக்காட்டைத்தான் அந்தப் பண்பு விளக்குகிறது. மீதமுள்ள 96 விழுக்காடு வேறெங்கிருந்தோ வருகிறது. 2022-இல் பால் சாக்கெட்டும் அவர் குழுவும் ஆள் தேர்வு முறைகளை எல்லாம் மறுபடி எடைபோட்டபோது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணலுக்கு 0.42 கிடைத்தது. நல்ல ஆளுமைத் தேர்வைவிட ஒழுங்காக நடத்திய ஒரு நேர்காணல் மேலானது. ஐந்தில் மிகச் சிறந்த பண்பே இவ்வளவுதான் சொல்லும் என்றால், ஒரு தேர்வறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தனி மனுஷியிடம் "உங்களுக்கு ஒத்துவராது" என்று சொல்ல எந்த அடிப்படையும் இல்லை. இதை நான் தயக்கமில்லாமல் சொல்வேன்.

இனி நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. 2002-இல் திமோதி ஜட்ஜும் சக ஆய்வாளர்களும் ஆளுமைக்கும் தலைமைக்கும் உள்ள தொடர்பைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம், இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டது. ஒரு குழுவில் யார் தலைவராகத் தெரிகிறார்? தலைவரான பிறகு யார் நன்றாகச் செய்கிறார்? புறமுக நாட்டத்துக்கு முதல் கேள்வியில் 0.33, இரண்டாவதில் 0.24. அதாவது கலகலப்பாகப் பேசுகிறவர் தலைவராகத் தெரிகிற அளவுக்குத் தலைவராகச் சிறப்பதில்லை. இணக்கத்துக்கு முதல் கேள்வியில் வெறும் 0.05, கிட்டத்தட்ட ஒன்றுமேயில்லை. இரண்டாவதில் 0.21. புறமுக நாட்டத்தின் 0.24-க்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. உங்கள் மேலாளர் எதைக் குறை என்று காட்டினாரோ, அது ஒருவரைத் தலைவராகக் கண்ணில் படவைக்க உதவாத, ஆனால் தலைவரானபின் கைகொடுக்கிற பண்பு. இவை எல்லாமே சிறிய எண்கள்தான், இவற்றை வைத்துக்கொண்டு நீங்கள் சிறந்த தலைவராக வருவீர்கள் என்று நான் ஆரூடம் சொல்லிவிட முடியாது. அவர் சொன்ன ஆரூடத்துக்கும் அதே கதிதான்.

சரி, பெண்களுக்கும் ஆண்களுக்கும் குணத்திலேயே வேறுபாடு உண்டா? உண்டு. இதை மறைத்துப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. 2001-இல் காஸ்டா, டெராச்சியானோ, மெக்ரே ஆகியோர் 26 பண்பாடுகளிலிருந்து வந்த தரவுகளைப் பார்த்தார்கள். சராசரியாகப் பெண்கள் இணக்கத்திலும் மனக்கலக்கத்திலும் சற்று மேலே. தன்னை முன்னிறுத்துவதில் ஆண்கள் சற்று மேலே. பல இடங்களில் பலர் அளந்தும் இந்தத் திசை மாறவில்லை. ஆனால் எவ்வளவு மேலே என்று கேட்க வேண்டும். மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் அளவு திட்டவிலக்கம்; இணக்கத்தில் உள்ள இடைவெளி அதிகபட்சம் போனாலும் அதில் பாதிதான். நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? ஒரு பெண்ணையும் ஓர் ஆணையும் கண்ணை மூடிக்கொண்டு நூறு முறை ஜோடியாக எடுத்தால், சுமார் 64 முறை பெண் அதிக இணக்கமாக இருப்பார். 36 முறை ஆண். ஒருவர் பெண் என்று மட்டும் தெரிந்துகொண்டு அவர் குணத்தை ஊகிப்பவர், நாணயத்தைச் சுண்டிவிட்டு ஊகிப்பவரைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். 2005-இல் ஜேனட் ஹைட் பாலின வேறுபாடுகளைப் பற்றிய 46 தொகுப்பாய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, அவற்றில் கண்ட வேறுபாடுகளில் 78 விழுக்காடு சிறியவை, அல்லது இல்லை என்றே சொல்லத்தக்கவை.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதில் துறைக்குள்ளேயே சண்டை ஓயவில்லை. வளர்ப்புதான் எல்லாம் என்றால், பெண்களுக்கு அதிக வாய்ப்புள்ள நாடுகளில் இடைவெளி சுருங்கியிருக்க வேண்டும். 2001 ஆய்விலும், 2008-இல் டேவிட் ஷ்மிட் குழு 55 பண்பாடுகளில் செய்த ஆய்விலும் நேர்மாறாக வசதியான நாடுகளில் இடைவெளி பெரிதாகத் தெரிந்தது. பிறவிக் குணம் அங்கே தடையின்றி வெளிப்படுகிறது என்கிறார்கள் சிலர். அங்கே பெண்கள் தங்களை ஆண்களோடு ஒப்பிட்டு மதிப்பிடுகிறார்கள், மற்ற இடங்களில் பிற பெண்களோடு ஒப்பிடுகிறார்கள், வினாத்தாளின் விளையாட்டு இது என்கிறார்கள் வேறு சிலர். மறுபக்கத்தில் 2009-இல் வந்த ஓர் ஆய்வு இருக்கிறது. உரி க்னீசியும் சகாக்களும் மேகாலயாவின் தாய்வழிச் சமூகமான காசிகளிடமும், தான்சானியாவின் ஆண்வழிச் சமூகமான மசாய்களிடமும் ஒரே பந்தயத்தை வைத்தார்கள். போட்டியிடுகிறீர்களா, அல்லது போட்டியில்லாமல் செய்ததற்கு உரிய கூலியை மட்டும் வாங்கிக்கொள்கிறீர்களா என்பது கேள்வி. காசிப் பெண்களில் 54 விழுக்காட்டினர் போட்டியைத் தேர்ந்தார்கள், காசி ஆண்களில் 39. மசாய்களில் ஆண்கள் 50, பெண்கள் 26. சிறிய ஆய்வு, இரண்டே சமூகங்கள். இதன்மேல் பெரிய கட்டடம் எழுப்பக் கூடாது. ஆனால் "போட்டி மனப்பான்மை ஆணுக்குப் பிறவியிலேயே வருவது" என்று அடித்துப் பேசுகிறவர்கள் முன்னால் வைக்கத்தக்கது. இந்தச் சண்டையின் முடிவு உங்களுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. இடைவெளி எங்கிருந்து வந்திருந்தாலும், உங்கள் அலுவலகம் அதற்கு என்ன விலை வைக்கிறது என்பதே உங்களைப் பாதிக்கிறது.

அந்த விலை எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. 2012-இல் ஜட்ஜ், லிவிங்ஸ்டன், ஹர்ஸ்ட் மூவரும் இணக்கத்தையும் வருமானத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். இணக்கம் குறைந்த ஆண்கள், இணக்கம் மிகுந்த ஆண்களைவிட ஏறத்தாழ 18 விழுக்காடு அதிகம் சம்பாதித்தார்கள். பெண்களிடம் அதே வேறுபாடு 5 விழுக்காடுதான். கடுமை காட்டும் ஆணுக்கு நல்ல லாபம். கடுமை காட்டும் பெண்ணுக்குச் சில்லறை. இதை இன்னொரு பக்கமாகத் திருப்பியும் படிக்க வேண்டும்: மென்மையான ஆண் பெரிய விலை கொடுக்கிறார். அவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பெண்ணிடம் எதிர்பார்க்கும் குணம் ஒன்று, தலைவரிடம் எதிர்பார்க்கும் குணம் வேறொன்று, இரண்டும் ஒரே ஆளிடம் மோதும்போது அவர் எப்படி நடந்தாலும் ஒரு பக்கம் குறையாகத் தெரிகிறார் என்று 2002-இல் ஆலிஸ் ஈக்லியும் ஸ்டீவன் கராவும் எழுதினார்கள். மென்மையாக இருந்தால் தலைவராகத் தெரியவில்லை. உறுதியாகப் பேசினால் தலைவராகத் தெரிகிறார், பிடிக்கவில்லை. பயிற்சி வகுப்பைப் பற்றி முடிவெடுக்கும் முன் இந்த மோதலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குரலை உயர்த்தப் பழகிக்கொண்டு திரும்பி வருகிற பெண்ணுக்கு, முன்பு "மென்மை அதிகம்" என்று எழுதிய அதே கை அடுத்த ஆண்டு "ஒத்துப்போகத் தெரியவில்லை" என்று எழுதுவதைக் கோப்புகளில் பார்த்திருக்கிறேன்.

குணம் போலத் தோன்றுவது உண்மையில் சூழலாக இருக்கலாம் என்பதற்கு, எனக்கு மிகவும் பிடித்த ஒரு சோதனையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். லிண்டா பாப்காக், மரியா ரெகால்டே, லீஸ் வெஸ்டர்லுண்ட், லாரி வைங்கார்ட் ஆகிய நால்வரும் செய்து 2017-இல் வெளியிட்டது. மூன்று பேர் ஒரு குழு. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கணினி. ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. திரையில் ஒரு பொத்தான், இரண்டு நிமிட நேரம். மூவரில் யாராவது ஒருவர் அதை அழுத்த வேண்டும். அழுத்தியவருக்கு 1.25 டாலர், மற்ற இருவருக்கும் தலைக்கு 2 டாலர். யாருமே அழுத்தாமல் நேரம் முடிந்தால் மூவருக்கும் 1 டாலர்தான். அலுவலகத்தில் யாராவது ஒருவர் செய்தே ஆக வேண்டிய, ஆனால் செய்தவருக்குப் பெயர் வராத வேலை எதையும் இந்தப் பொத்தானின் இடத்தில் வைத்துப் பாருங்கள்: கூட்டக் குறிப்பு எடுப்பது, புதிதாக வந்தவருக்கு இடம் காட்டுவது, பிரிவு உபசார விழாவுக்குப் பணம் வசூலிப்பது. நேரம் ஓடுகிறது, எல்லோரும் மற்றவரை எதிர்பார்த்துத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், கடைசி நொடிகளில் யாரோ ஒருவர் அழுத்திவிடுகிறார். ஆண்களும் பெண்களும் கலந்த குழுக்களில், ஆண்களைவிடப் பெண்கள் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு அதிகமாக அழுத்தினார்கள்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் "பெண்களின் இயல்பே விட்டுக்கொடுப்பதுதான்" என்று முடித்திருப்பார்கள். அவர்கள் நிறுத்தவில்லை. பெண்கள் மட்டும் உள்ள குழுக்களையும் ஆண்கள் மட்டும் உள்ள குழுக்களையும் தனியே அமைத்தார்கள். அங்கே வேறுபாடு மறைந்துவிட்டது. ஆண்கள் மட்டும் இருந்தால் ஆண்கள் தாராளமாக அழுத்துகிறார்கள். பெண் ஒருவர் அருகில் இருந்தால், அவர் அழுத்துவார் என்று கை கட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பெண்ணும் தன்மேல்தான் எதிர்பார்ப்பு என்று அறிந்தவர்போல் அழுத்திவிடுகிறார். அடுத்த கட்டமாக, நான்காவது ஆள் ஒருவரை மேலாளர்போல் வைத்து, மூவரில் ஒருவரை அழுத்தும்படி கேட்கச் செய்தார்கள். பெண்களிடம் 44 விழுக்காடு அதிகமாகக் கேட்டார்கள்; மேலாளர் ஆணா பெண்ணா என்பது இதை மாற்றவில்லை. கேட்கப்பட்ட பெண்களில் 76 விழுக்காட்டினர் சரி என்றார்கள், ஆண்களில் 51. இப்படி வேலை வந்து சேர்ந்துகொண்டே இருந்தால், ஆண்டு முடிவில் ஒருவர் பட்டியலில் பெயர் வாங்கித் தரும் வேலைகளும் இன்னொருவர் பட்டியலில் உதவிகளும் நிற்கும். மதிப்பீட்டுப் படிவத்தில் அந்த உதவிகள் "நல்ல குழு மனப்பான்மை" என்று ஒரு வரியாகச் சுருங்கிவிடும். ஆளுமைத் தேர்வில் அதே உதவிகள் "இணக்கம் அதிகம்" என்று வரும்.

சம்பளம், பதவி உயர்வு விஷயத்தில் "பெண்கள் கேட்பதில்லை, அதனால் கிடைப்பதில்லை" என்று ஒரு விளக்கம் நெடுநாளாகச் சுற்றிவருகிறது. இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்திரேலியத் தொழிலாளர்கள் சுமார் 4,600 பேரிடம் திரட்டிய தரவைக் கொண்டு 2018-இல் ஆர்ட்ஸ், குடால், ஆஸ்வால்ட் ஆகியோர் எழுதிய ஆய்வில், வேலை நேரம் போன்றவற்றைச் சமன்செய்து பார்த்தால் பெண்களும் ஆண்கள் அளவுக்கே கேட்டிருந்தார்கள். கேட்ட ஆண்களில் 20 விழுக்காட்டினருக்குக் கிடைத்தது, பெண்களில் 15. லைப்ராண்ட், லிஸ்ட் என்ற இருவர் 2015-இல் வெளியிட்ட கள ஆய்வு இன்னும் சுவையானது. வேலை விளம்பரத்தில் சம்பளம் பேசித் தீர்மானிக்கத்தக்கது என்று வெளிப்படையாக எழுதிவிட்டால் பெண்களும் ஆண்களைப் போலவே பேரம் பேசினார்கள். ஒன்றும் எழுதாமல் விட்டபோதுதான் ஆண்கள் அதிகம் பேசினார்கள். விதியை எழுதிவைக்க ஒரு வாக்கியம் போதும். எழுதாத இடத்தில்தான் குணமும் பாலினமும் புகுந்து விளையாடுகின்றன. தகுதியில் 60 விழுக்காடு இருந்தாலே ஆண்கள் விண்ணப்பிப்பார்கள், பெண்கள் 100 விழுக்காடு இருந்தால்தான் விண்ணப்பிப்பார்கள் என்று ஒரு கணக்கையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஒரு நிறுவனத்தின் உள்சுற்றில் பேசப்பட்டதாகச் சொல்லப்படும் செய்தி. பின்னால் வெளியிடப்பட்ட ஆய்வு எதுவும் இல்லை. மேடைகளில் அதை ஆய்வு முடிவாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், நல்ல நோக்கத்தோடு சொன்னாலும்.

உங்களுக்குக் குழந்தைகள் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. ஆனால் குணம், பாரபட்சம் இரண்டையும் பேசிவிட்டு நேரத்தைப் பேசாமல் விட்டால் பதில் அரைகுறையாகிவிடும். 2023-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டினும் பெர்ட்ரண்ட், கட்ஸ் இருவரும், சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1990 முதல் 2006 வரை வணிக மேலாண்மைப் பட்டம் பெற்றவர்களின் வருமானத்தைப் பின்தொடர்ந்தார்கள். தொடக்கத்தில் ஆண், பெண் வருமானம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆண்டுகள் போகப்போக விரிசல் பெரிதாகிறது. அதில் பெரும்பகுதியை விளக்கியவை படிப்பில் எடுத்த பாடங்கள், இடையில் வேலையை விட்டு நின்ற காலம், வாரத்தில் வேலை பார்த்த மணி நேரம் ஆகிய மூன்றும். பின்னிரண்டும் பெரும்பாலும் குழந்தை பிறப்பை ஒட்டியவை. டென்மார்க் போல் மகப்பேறு விடுப்பும் குழந்தைக் காப்பகங்களும் நன்றாக அமைந்த நாட்டிலும், முதல் குழந்தைக்குப் பிறகு பெண்களின் வருமானம் ஆண்களோடு ஒப்பிட நீண்ட காலத்துக்குச் சுமார் 20 விழுக்காடு பின்தங்குகிறது என்று 2019-இல் கிளேவனும் சகாக்களும் காட்டினார்கள். தந்தையரின் வருமானத்தில் அசைவே இல்லை. என் வேலையில் அடிக்கடி பார்ப்பது, இந்த நேரக் கணக்கு மதிப்பீட்டுப் படிவத்துக்குள் வரும்போது குணமாக மாறிவிடுவதைத்தான். மாலை ஆறு மணிக்குக் கிளம்புகிறவரைப் பற்றி "ஆறு மணிக்குக் கிளம்புகிறார்" என்று யாரும் எழுதுவதில்லை. "வேட்கை போதாது" என்று எழுதுகிறார்கள். விடுப்பு கேட்கும் தந்தைக்கும் இதே வாசகம் கிடைப்பதுண்டு.

ஒரு பதவி உயர்வுக் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். படிவத்தில் "தலைமைப் பண்பு" என்று ஒரு கட்டம்; ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். அதற்கு என்ன பொருள் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பெயர்களைப் பேசத் தொடங்கும் முன், அந்தக் கட்டத்தில் நீங்கள் நான்கு போட வேண்டுமானால் ஒருவர் என்ன செய்திருக்க வேண்டும் என்று ஆளுக்கு ஒரு துண்டுத்தாளில் எழுதச் சொன்னேன். ஒருவர் "கூட்டத்தில் முதலில் பேசுவது" என்று எழுதியிருந்தார். இன்னொருவர் "எனக்குத் தொந்தரவு தராமல் பிரச்சினையை முடிப்பது". மூன்றாமவர் "வாடிக்கையாளர் மிரட்டினாலும் அசராமல் நிற்பது". நான்காமவர் எழுதிவிட்டு அடித்து, மறுபடி எழுதி, கடைசியில் "பார்த்தால் தெரியும்" என்று கொடுத்தார். இந்த நால்வரும் அதுவரை அந்தக் கட்டத்தில் மதிப்பெண் போட்டு, அதைக் கூட்டிச் சராசரி எடுத்து, ஆட்களை மேலே அனுப்பியவர்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை, யாருக்கும் பெண்கள்மேல் வெறுப்பும் இல்லை. "பார்த்தால் தெரியும்" என்று சொல்லும் இடத்தில், ஏற்கெனவே பார்த்துப் பழகிய தலைவர்களைப் போன்றவர்களே கண்ணுக்குத் தெரிவார்கள்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் கணிப்பு இது: குணமும் பாலினமும் உங்கள் விஷயத்தில் தனித்தனிக் காரணங்களாக இருக்க வாய்ப்பு குறைவு. உங்களிடம் உள்ள அதே இணக்கம் ஓர் ஆணிடம் இருந்தால் வேறு விலைக்குப் போகும். உங்கள் சக ஊழியரின் அதே முனைப்பு உங்களிடம் இருந்தால் அதுவும் வேறு விலைக்குப் போகும். இது கணிப்புதான். உங்கள் மேலாளரிடம் நியாயமான வேறு காரணம் இருந்து, அதைச் சொல்லச் சங்கடப்பட்டு அறிக்கையின் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கவும் கூடும். அப்படிச் செய்யும் மேலாளர்கள் ஏராளம்.

பயிற்சி வகுப்புக்கு வருகிறேன். குணம் மாறுமா என்றால், மெதுவாக மாறும். இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் பெரும்பாலோருக்குப் பொறுப்புணர்வு கூடுகிறது, மனக்கலக்கம் குறைகிறது என்பது 2006-இல் பிரென்ட் ராபர்ட்ஸ் குழு தொகுத்துக் காட்டிய முடிவு. தானே விரும்பி மாற்றிக்கொள்ள முடியுமா என்று நேதன் ஹட்சனும் சக ஆய்வாளர்களும் சோதித்தார்கள். 2019-இல் வந்த அந்த ஆய்வில், வாரந்தோறும் சின்னச் சின்னச் செயல்களை உண்மையிலேயே செய்து முடித்தவர்களிடம் கொஞ்சம் மாற்றம் தெரிந்தது, ஆசைப்பட்டுவிட்டுச் செய்யாதவர்களிடம் தெரியவில்லை. அவர்கள் மாணவர்கள்; நடுவயது ஊழியர்களுக்கு அதை அப்படியே பொருத்த மாட்டேன். இன்னொரு முடிவு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. நியூசிலாந்தின் டுனீடின் நகரில் பிறந்தவர்களை 18 வயதிலும் 26 வயதிலும் அளந்து பார்த்தபோது, குணம் ஒருவரை ஒரு வேலைக்கு இட்டுச்செல்கிறது, அந்த வேலை அதே குணத்தை மேலும் வளர்க்கிறது என்று தெரிந்தது. பொறுப்பைக் கொடுக்காமலே, பொறுப்புக்குரிய குணம் முதலில் வரட்டும் என்று காத்திருக்கிற அலுவலகம் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம்.

அதனால் சுபாவத்தை மாற்றித் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் வகுப்பில் பணத்தைக் கட்டாதீர்கள். குறிப்பிட்ட ஒரு திறமையைக் கற்றுத்தரும் வகுப்பு வேறு விஷயம்: பேச்சின் நடுவே குறுக்கிடுகிறவரிடம் இடத்தை விட்டுக்கொடுக்காமல் முடிப்பது, வேலையை மறுக்கும்போது காரணங்களை அடுக்காமல் மறுப்பது, சம்பளப் பேச்சில் முதல் எண்ணைச் சொல்வது. இவை யாருக்கும் பயன்படும், அமைதியான சுபாவம் அப்படியே இருக்கும்போதே இவற்றைப் பழகலாம். ஆனால் அதற்கு முன் மேலாளரிடம் போய், தலைமைப் பொறுப்புக்கு என்னென்ன செய்து காட்ட வேண்டும் என்பதை எழுத்தில் கேளுங்கள். "சுபாவம்" என்ற சொல்லை அவர் மறுபடி எடுத்தால், எந்த நாளில், எந்த வேலையில் அது குறையாகத் தெரிந்தது என்று கேளுங்கள். கோபமாகக் கேட்க வேண்டாம். உங்களுக்கு இயல்பான அதே மென்மையான குரலில் கேட்டால் போதும். மூன்று மாதத்துக்கு ஒரு சிறு குழுவையோ ஒரு பணியையோ முழுப் பொறுப்பாகக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தத் தேர்வறிக்கையையும்விட அது அதிகம் சொல்லும். சென்ற ஆண்டு நீங்கள் செய்த வேலைகளைப் பெயர் வாங்கித் தந்தவை, தராதவை என்று இரண்டாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். இரண்டாவது பட்டியல் நீளமாக இருந்தால் அதையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். சுழற்சி முறையில் எல்லோரும் செய்யலாம் என்று சொல்வது, தனியாக மறுப்பதைவிட உங்கள்மேல் குறைவாகத் திரும்பும். கேட்டும் எழுத்தில் எதுவும் வரவில்லை என்றால், அந்த இடத்தில் உங்களுக்கு மேலே வழி இல்லை என்று வைத்துக்கொண்டு வெளியே பார்க்கத் தொடங்குவதில் தவறில்லை. இந்தச் சுமையெல்லாம் உங்கள் தலையில் விழுவது நியாயமா என்றால், இல்லை. படிவத்தைத் திருத்த வேண்டியது அவர்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். அறிக்கையில் "இணக்கம் மிக அதிகம்" என்று வந்திருப்பது யாரோடு ஒப்பிட்டு என்று பாருங்கள். இத்தகைய தேர்வுகளில் உங்கள் மதிப்பெண்ணை ஓர் ஒப்பீட்டுக் குழுவோடு வைத்துத்தான் அதிகம், குறைவு என்று சொல்வார்கள். அந்தக் குழுவில் ஆண்களும் பெண்களும் கலந்திருந்தார்களா, பெண்கள் மட்டுமா, எந்த வேலையில் உள்ளவர்கள் என்பதைப் பொறுத்து அதே விடைத்தாளுக்கு வேறு வார்த்தை வரும். இந்த விவரம் பொதுவாக அறிக்கையின் பின்பக்கங்களிலோ, தேர்வை நடத்தியவர்களின் கையேட்டிலோ இருக்கும். மனிதவளத் துறையிடம் கேட்டு வாங்கி இங்கே எழுதினால், அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன்.